அதைவிடக்காரி

வீணா என்ற பெயரை நான் முதலில் கேட்டது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. ஹெப்பகோடியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தொட்டில் ரூமைப் பார்த்துக்கொள்ளும் ஆயா நான். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடும் நாலாம் லைன். அங்கே சூப்பர்வைசர் டெரிக் கத்தினால் இங்கே தொட்டிலில் இருக்கிற பிள்ளைகள் விழித்துக்கொள்ளும். "ஏய் வீணா! கையா அது, ஆமையா? பேகா, பேகா, சீக்கிரம்!" முகத்தைப் பார்க்கும் முன்பே பெயரும் திட்டும் ஒன்றாக எனக்கு அறிமுகம் ஆகிவிட்டன. என் மூணாவது தொட்டிலில் விரல் சூப்புகிறவளின் அம்மாதான் அவள் என்று மறுநாள் தெரிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதைவிடக்காரர்கள் என்கிற இனத்தைப் பற்றி. பார்த்திருப்பீர்கள். தலைவலி என்று நீங்கள் வாயைத் திறந்தால், "அதைவிட எங்க மச்சாண்டாருக்கு" என்று மூளைக்காய்ச்சலை எடுத்து வைப்பார்கள். பஸ்ஸில் உங்கள் கால் மிதிபட்டது என்றால், அவர்கள் வீட்டில் ஒருவருக்குக் காலே போயிருக்கும். கல்யாணமோ சாவோ, எங்கே போனாலும் தங்கள் பக்கத்துக் கஷ்டம் ஒரு படி உயரமாக நிற்கவேண்டும். கெட்டவர்களா? சேச்சே. ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த இனத்தில் தலைசிறந்த ஒருத்தியை எனக்கு அறுபத்து மூணு வருஷமாகத் தெரியும். தினமும் நான்தான் அவளுக்குத் தலைவாரி விடுகிறேன்.

எனக்குப் படிப்பு மூணாம் கிளாஸோடு நின்றுபோனது. உறவுக்காரர்கள் பட்ட கஷ்டம் மட்டும் மறக்காது. தங்கவயல் சுரங்கத்தில், பாறை சரிந்து ஒரு பகல் முழுக்க இருட்டில் மாட்டிக்கொண்டு, அடுத்த வாரமே மறுபடி இறங்கிய பெரியப்பா கோவிந்தப்பா. இடுப்பு வலி எடுத்த பிறகும் மிச்சமிருந்த ஊதுபத்தியை உருட்டி முடித்துவிட்டு, சிவாஜிநகர் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போன ஓரகத்தி அன்னம்மாள். இந்த ரெண்டு பேரை வைத்தே எத்தனை பேருடைய அழுகையை நிறுத்தியிருக்கிறேன்!

அந்தப் பெருமை ஆபீஸ் வரைக்கும் போனது. எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், உங்கள் ஆட்களின் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதினார்களாம். உடனே வெல்ஃபேர் ஆபீசர் சுந்தரேசன் சார் சுவரெல்லாம் சிரிக்கிற மூஞ்சி ஒட்டினார், ஒரு கமிட்டி போட்டார், 'மனநலத் தோழி' என்று என் மாராப்பில் பச்சை பேட்ஜ் குத்தி, நீளமாக ஒரு நோட்டையும் கொடுத்தார்.

"மனசு சரியில்லைனு யார் வந்தாலும் டோக்கன் நம்பர எழுதுங்கம்மா. வேலைல எது அவங்கள அமுக்குதுன்னு கேட்டு அதையும் எழுதுங்க. மிச்சத்த கமிட்டி பாத்துக்கும்."

"ஆறுதல் சொல்ல வேணாமா சார்?"

"அது உங்க இஷ்டம்."

இஷ்டத்தை என்னிடம் விட்டாரே, அதுதான் அவர் செய்த தப்பு.

மூணு மாசம் ஆயிற்று. பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்தவர்கள் அழுதார்கள், பிள்ளை இல்லாதவர்களும் வந்து அழுதார்கள். நான் ஒருத்தியையும் நோட்டு வரைக்கும் போகவிடவில்லை. பெரியப்பா பாதியில் வந்து தடுத்துவிடுவார், தப்பி வந்தவளை அன்னம்மாள் பிடித்துக்கொள்வாள். நோட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. சுந்தரேசன் சாருக்கு ஒரே பூரிப்பு. "ஒரு கம்ப்ளெய்ன்ட் கூட இல்ல!" என்று கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார். நானும் வெட்கமில்லாமல் போர்த்திக்கொண்டு நின்றேன்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் வீணா வந்தாள்.

"ஆயாம்மா, என்னால முடியல. அந்தாளு பின்னாடி வந்து நின்னாலே கை நடுங்குது. பாத்ரூம் போனா எத்தன தரம்டின்னு கத்தறாரு. அதனால தண்ணியே குடிக்கறதில்ல. உங்க கிட்ட ஒண்ணு..."

"இதெல்லாம் ஒரு கஷ்டமா கண்ணு? அதைவிட எங்க பெரியப்பா, தங்கவயல்ல..."

பெரியப்பா சுரங்கத்திலிருந்து வெளியே வருவதற்குள் பெல் அடித்துவிட்டது. அவள் எழுந்து போனாள். மூணு மணிக்கு மெஷின் ஊசி அவள் விரலுக்குள் இறங்கி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு வாழைப்பழத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். மூணாவது மாடி. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"முழங்கால் உயிர் போகுதும்மா," என்றேன், அவள் மாமியாரிடம்.

"முழங்காலா? அதைவிட எங்க நாத்தனாருக்கு ரெண்டு இடுப்பும் போச்சு. தண்ணிக் கொடத்தோட நாலு மாடி ஏறுவா!"

என் வலி குறைந்ததா? மிளகளவும் இல்லை. கூடவே கொஞ்சம் அவமானமும் சேர்ந்துகொண்டது. கட்டுப்போட்ட விரலால் வாயை மூடிக்கொண்டு வீணா சிரித்தாள்.

"எப்படி இருக்கு ஆயாம்மா?"

"போடி. அன்னிக்கு என்ன கேக்க வந்தே?"

"வேற எடத்துக்கு மாத்தச் சொல்லி நோட்ல எழுதுங்கன்னு கேக்க வந்தேன். உங்க பெரியப்பா குறுக்க வந்துட்டாரு." ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: "சொரங்கத்துலேர்ந்து வந்தப்புறம் அவரு நல்லாத்தான இருந்தாரு?"

இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. பெரியப்பா சாகிற வரைக்கும் எந்தக் கதவையும் சாத்தவிட்டதில்லை. குளிக்கும்போதும் திறந்தேதான் கிடக்கும், பெரியம்மா வாசலில் காவல் இருப்பாள். அன்னம்மாளோ, பெற்ற பிள்ளையை ஒரு வருஷம் கையால் தொடவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும். கதையின் வாலை நறுக்கிவிட்டுத்தான் எல்லோருக்கும் சொல்லிவந்திருக்கிறேன்.

"இல்ல கண்ணு. நல்லா இல்ல," என்றேன்.

திங்கட்கிழமை காலையில் நோட்டைப் பிரித்து, கோணல் எழுத்தில் வீணாவின் டோக்கன் நம்பரை எழுதினேன்: 417. டெரிக் பின்னால் நிற்கிறார். தண்ணி குடிக்க பயம். வேறு இடம் வேண்டும். நான் எழுதுகிறேன் என்று தெரிந்ததும், சாயங்காலத்துக்குள் இன்னும் பதினோரு நம்பர் சேர்ந்தது, அத்தனையும் நாலாம் லைன். சுந்தரேசன் சார் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "என்னம்மா எல்லம்மா, நோட்டு எவ்ளோ சுத்தமா இருந்துது!" ஆனாலும் கமிட்டியைக் கூட்டித்தான் ஆகவேண்டியிருந்தது, டெரிக்கையும் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டியிருந்தது. பாவம், சால்வையை மட்டும் அவர் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டே, "இது என்ன பெரிய கொடுமை, அதைவிட எங்க ஆபீஸ்ல..." என்று மனசுக்குள் ஆரம்பித்தீர்களா? ஆரம்பித்திருந்தால் வந்து என்னைப் பாருங்கள். பச்சை பேட்ஜ் ஒன்று மிச்சம் இருக்கிறது.

வீணா இப்போது பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். மேஜைமேல் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறாள்.