லஸ்கர் இறுக்கிய குழாய்

எங்கள் தெருவில் லஸ்கர் கை வைக்காத வாசல் குழாய் கிடையாது. அவர் கை வைத்த பிறகு ஒழுகாத குழாயும் கிடையாது.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. வாய்க்கால் ஷட்டரை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். அந்த வேலைக்கு லஸ்கர் என்று பெயர், அதுவே அவருக்கும் பெயர். ரிடையர் ஆகிப் பல வருசமாகிறது. ஷட்டர் போய்விட்டது, கை மட்டும் அப்படியே இருக்கிறது. நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊரில் எந்த வீட்டுக் குழாய் சொட்டினாலும் அவர் காதில் விழும். பெண்டாட்டி கூப்பிட்டால் விழாது.

கேட்டைத் திறந்து வந்துவிடுவார், கையில் குழாய் திருகுகிற பைப் ரிஞ்சோடு. டீச்சர் வீட்டில் அப்படித்தான் ஒரு நாள் நுழைந்தார்.

"யாரக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்றார் டீச்சர்.

"தண்ணி போவுது, யாரக் கேக்கணும்? ஆத்துல தண்ணி வரலேன்னா ரோட்ல போயி உக்காருறீங்க. வாசல்ல சொட்டுறதுக்கு ஒருத்தரும் உக்கார மாட்டேங்குறீங்க."

கோபம் நியாயம்தான். வைத்தியம்தான் அநியாயம்.

அவருக்கு வாசர் என்றாலே ஆகாது. "வாசரு கீசருன்னு ரப்பரக் காட்டாத. இறுக்குனா நிக்கணும். நான் ஆத்தையே நிறுத்துனவன்" என்பார். ஆற்றை நிறுத்திய வேகத்தில் அரையங்குலக் குழாயைத் திருகுவார். மரை போய்விடும், ஒழுக்கு கூடிவிடும். உடனே, ஷட்டர் ஒழுகினால் செய்கிறதைச் செய்வார். வைக்கோலைப் புரியாக முறுக்கிச் சுற்றி, மேலே களிமண்ணை அப்பிவிட்டுப் போவார்.

டீச்சர் வீட்டுக் குழாயில் நெல் முளைத்தது. வைக்கோலில் ஒட்டியிருந்த மணி, நல்ல ஈரம், கேட்கவா வேண்டும். டீச்சர் அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "களை எடுத்துவிடுங்க" என்று போய்விட்டார்.

ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் வாசல் குழாயும் சொட்ட ஆரம்பித்திருந்தது. அவர் எனக்குப் பக்கத்து வீடு.

வெயிலில் கிடக்கிற குழாய்க்கு வாசர் சீக்கிரம் வெடித்துவிடும். மேலே வால்வை மூடி, குழாய்த் தலையைக் கழற்றி, பழசை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டால் நின்றுபோகும். உலை கொதிக்கிற நேரம்கூட ஆகாது. அறுப்பு வேலையில் தள்ளிப்போட்டுவிட்டேன்.

அறுத்த சம்பா நெல் முழுக்க வாசலில் படுதா மேல் கிடந்தது. மறுநாள் கொள்முதல் நிலையத்தில் என் முறை. ஈரம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் தனிப் பொம்பளை. அந்த நெல்தான் எனக்கு ஒரு வருசப் பிழைப்பு. சொட்டுகிற தண்ணீர் படுதாப் பக்கம் ஓடாமல் வாளி வைத்துவிட்டு, கடைக்குப் போனேன், வாசர் வாங்க.

திரும்பி வந்தால், வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு, குழாயில் ரிஞ்சை மாட்டி நிற்கிறார்.

"அண்ணே, கை எடுங்க. வாசர் வாங்கியாந்துட்டேன்."

"வெலகு. நெல்லப் போட்டுட்டு எங்க சுத்தப் போன?"

"அண்ணே, நெல்லு கிடக்குது. தொடாதீங்க."

"நெல்லு கிடக்குதுன்னுதான் தொடுறேன்."

ஒரு திருகு. குழாய் அவர் கையோடு வந்துவிட்டது. காலையில்தான் மோட்டார் போட்டு டேங்கை நிரப்பியிருந்தேன். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அடித்தது. முந்தானையை அடைத்தேன், தள்ளிவிட்டது.

வால்வை மூட மாடிக்கு ஓடினேன். அசையவில்லை. அதையும் போன மழைக்காலத்தில் அவர்தான் இறுக்கியிருந்தார், திறந்தபடியே. அங்கிருந்தே திட்டினேன். வாயில் வந்ததெல்லாம் வந்தது. கீழே தண்ணீர் படுதாவுக்கு ஒரு முழம் தள்ளி வந்துவிட்டது.

லஸ்கர் ரிஞ்சை வீசிவிட்டு என் மண்வெட்டியை எடுத்தார். நாலு வெட்டு. மண்ணைத் தள்ளி நெல்லுக்கு முன்னால் வரப்பு வைத்தார். தேங்கிய தண்ணீர் ஏற ஆரம்பித்தது. போக வழி வேண்டும். அவர் வீடு பள்ளம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மண் கரையைப் பார்த்தார். யோசிக்கவே இல்லை, வெட்டிவிட்டார்.

உள்ளேயிருந்து அவர் பெண்டாட்டி கத்தினாள்.

"ஏங்க, கூடத்துக்குள்ள வாய்க்கா வருதுங்க."

"வரட்டும். கொல்லக் கதவத் தொறந்துவிடு, வடிஞ்சிரும்."

"ஒங்க மெத்த கீழ கிடக்குது."

"அத ஓரமாப் போடு. தண்ணிய மறிக்கும்."

அவர் வீட்டு வாசல் கதவு வழியாகப் போய்க் கொல்லைக் கதவு வழியாக வெளியே வந்தது தண்ணீர், மண்ணும் சருகுமாக. அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, டேங்க் காலியாகும் வரை வரப்பை விட்டு நகரவில்லை.

இறங்கி வந்து நெல்லுக்குள் கையை விட்டேன். அடிவரை காய்ந்திருந்தது. அப்போதும் கோபம் அடங்கவில்லை.

"இனிமே எங்கேட்டத் தொறந்தீங்க, ரிஞ்ச ஆத்துல போட்டுருவேன்."

"ஒரு வால்வு மூடத் தெரியல. பேச வந்துட்டா" என்று அவர் பாட்டுக்குப் போனார்.

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பெண்டாட்டியும் நானும் சேற்றைத் தள்ளினோம். அவர் கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து, மூலையில் சேற்றை விட்டுவிட்டேன் என்று திட்டிக்கொண்டே இருந்தார்.

நனைந்த மெத்தையை நான்தான் தூக்கிவந்தேன். வெயில் நன்றாக விழுவது என் வாசலில். நெல்லை ஒரு பக்கம் ஒதுக்கி, அதற்குச் சமமாக அவர் மெத்தையையும் விரித்துப் போட்டு, மேகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.