டொய்ங் அண்ணனின் பாட்டு முடியும்வரை

அருப்புக்கோட்டைக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் நடுவே ஓடுகிற வண்டிகளில், ஒருவரைக்கூட இறங்க வேண்டிய இடத்தில் சரியாக இறக்கிவிடாத ஒரே வண்டி டொய்ங் அண்ணனின் ஷேர் ஆட்டோதான். பிரேக் நன்றாகத்தான் பிடிக்கும். பாட்டு முடியாமல் அவர் அதை மிதிக்க மாட்டார், அவ்வளவுதான்.

அவருக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிய அன்றுதான் எங்களில் பலர் அதைப் படித்தோம். படித்துவிட்டு, யாரோ என்று தாண்டிப் போனவர்களும் உண்டு.

மற்ற ஆட்டோக்களில் சினிமாப் பாட்டு காதைப் பிளக்கும். இவர் வண்டியில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். சற்றுப் பொறுத்து, எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டியதுபோல இன்னொன்று. பிறகு யாரோ தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து பொம்மைப் பியானோ வாசிப்பதுபோல, பாண்டி விளையாடும் சிறுமியாக ஒரு மெட்டு ஒற்றைக்காலில் துள்ளித் துள்ளி வரும். வெளிநாட்டில் கம்ப்யூட்டரில் செய்கிற 'ஆம்பியன்ட்' இசை என்று பின்னால் போனில் தேடித் தெரிந்துகொண்டேன். புதிதாக ஏறுகிறவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?

"ஏப்பா, ஒன் ஸ்பீக்கரு போயிருச்சு போலருக்கே?"

"இல்லண்ணே, நல்லாத்தான் பாடுது."

"பாடுறவுக எங்க?"

"இதுல பாடுறவுக கெடையாது."

"ஆளே இல்லாம என்னத்துக்குப்பா பேட்டரியத் தின்னுது?"

மொபைல் கடையில் மெமரி கார்டு நிறைய ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலப் பெயர்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. தானே பெயர் வைத்தார். காலையில் டம்ளர் ஆல்பம். மதியம் மழை ஆல்பம். சாயங்காலம் தூளி ஆல்பம். மழை ஆல்பத்தில் சொட்டுச் சொட்டாகச் சத்தம் விழும். நரிக்குடிப் பெரியவர் ஒருவர் கையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்தார்.

"சொட்டு விழுகுறது கேக்குது, கை நனையலையே?"

"அது பாட்டுக்குள்ள பெய்யுதுண்ணே."

"எங்கிட்டோ பெய்யுறத எதுக்குய்யா எங்களுக்குப் போட்டுக் காமிக்கிற?" அவர் உண்மையிலேயே கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

தூளி ஆல்பம் இன்னும் மோசம். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு முடித்து வரும் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து வரிசையாகத் தூங்கிவிடுவார்கள். தப்பித் தவறி விழித்தவர் கத்துவார்: "அண்ணே, எறங்கணும்!"

"அந்தா, பாட்டு முடியப்போகுது தாயி."

"எங்க ஊரே முடிஞ்சு போச்சுண்ணே!"

திட்டிக்கொண்டே வந்த வழியில் திரும்பி நடப்பார்கள். மறுநாள் அதே வண்டியில்தான் ஏறுவார்கள்.

துக்க வீட்டைத் தாண்டும்போது டிரைவர்கள் பாட்டை நிறுத்திவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். டொய்ங் அண்ணன் நிறுத்த மாட்டார். ஸ்டாண்டில் அவருக்கு அடுத்த வண்டிக்காரர், எல்லோரும் மீசை என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் சட்டையைப் பிடிக்காத குறையாக வந்தார்.

"எழவு வீட்டத் தாண்டுறப்பக்கூட நிறுத்த மாட்டியா? மனுசனா நீ?"

"இது பாட்டே இல்லன்னு ஸ்டாண்டு பூராம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது நீதானய்யா? பாட்டே இல்லாதத எப்பிடி நிறுத்துறது?"

மீசை தன் வண்டிக்கே திரும்பிப் போய்விட்டார்.

நான் அந்த வண்டியில் வாரம் தவறாமல் ஏறியது என் மகளுக்காக. இரண்டரை வயதாகியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அருப்புக்கோட்டையில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். வயிற்றில் இருக்கும்போது நான் அவளோடு பேசாமல் இருந்துவிட்டேனோ, போனைக் காட்டிச் சோறு ஊட்டியதுதான் காரணமோ என்று போகும் வழியெல்லாம் யோசிப்பேன். ஒரு முடிவுக்கு வந்த பிறகும், அது சரியா என்று மறுபடி யோசிப்பேன். என் மடியில் அவளோ, டம்ளர் ஆல்பத்துக்குக் காலை ஆட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வருவாள். வேறு எந்த வண்டியிலும் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

ஒருமுறை என் மாமியாரும் கூட வந்தார். பாதி வழி பொறுத்துப் பார்த்தார்.

"ஏத்தா, வாயே இல்லாத பாட்டக் கேட்டா பிள்ளைக்கு எப்பிடி வாய் வரும்? நாளைக்கு இதும் டொய்ங்குன்னுதான் பேசப்போகுது, பாத்துக்க."

வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும், இருக்குமோ என்று பயந்தேன். அண்ணன் கண்ணாடியில் என் மகளை ஒருதரம் பார்த்தார்.

அடுத்த வாரம் ஏறினால், வண்டியில் பழைய சினிமாப் பாட்டு. என் மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். எங்கள் நிறுத்தம் வந்ததும், பாட்டின் நடுவிலேயே வண்டி நின்றது. சரியாக, நிற்க வேண்டிய இடத்தில். நான் இறங்காமலே கேட்டேன்.

"என்னண்ணே, ஒங்க பாட்டு என்னாச்சு?"

"பிள்ளைக்குப் பேச்சு வரணும்ல தாயி? அதான் வாய் இருக்குற பாட்டாப் போட்டேன்." அவர் கண்கள் சிவந்து கிடந்தன.

"ஒடம்பு கிடம்பு சரியில்லையாண்ணே?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம் வீட்டுக்காரி எல்லாப் பாட்டும் பாடுவா தாயி. அடுப்பூதுறப்பப் பாடுவா, ஆட்டுக்குக் கொழ போடுறப்பப் பாடுவா. அவ போன பெறகு எந்தப் பாட்டத் தொறந்தாலும் அவளே வந்து நிக்கிறா. ரோடு தெரிய மாட்டேங்குது. அதான் கடைக்காரத் தம்பிகிட்ட, ஆளில்லாத பாட்டா ஏத்திக் குடுப்பான்னு கேட்டு வாங்கினேன். இதுல யாரும் இல்ல தாயி. நிம்மதியா ஓட்டலாம்."

பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் அன்றே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பேச்சு வராததற்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை, அவள் எதைக் கேட்டுச் சிரிக்கிறாளோ அதையே கேட்கட்டும் என்றார். திரும்பும்போது அண்ணனிடம் சொன்னேன். "நெசமாத்தான தாயி? பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?" என்று, என்னைப்போலவே, திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு டம்ளர் ஆல்பத்தைப் போட்டார். நாங்கள் வழக்கம்போல ஊரைத் தாண்டி இறங்கினோம்.

ஒரு பங்குனி மதியம். ஸ்டாண்டில் வண்டி நிறைந்துவிட்டது. மழை ஆல்பம் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் முன்சீட்டில் கண்களை மூடிச் சாய்ந்திருந்தார். நிறுத்துவதுபோலவே, வண்டியை எடுப்பதும் பாட்டு முடிந்துதான் என்பது தெரிந்ததுதானே? காத்திருந்தோம். பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்கியது.

"இதும் முடியணுமாக்கும்!" என்றார் ஒரு மில்காரப் பெண். நாங்கள் சிரித்தோம்.

அதுவும் முடிந்தது. "கெளம்புடா, பின்னாடி வண்டி நிக்கிதுல்ல?" என்று மீசை வந்து தோளைத் தொட்டார். தொட்ட கையை அவர் எடுக்கவில்லை.

நொடியில் போன உயிர், முன்பே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். நாங்கள் சிரித்தது அந்த நொடிக்கு முன்பா, பின்பா என்று நான் இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஊர் திருச்சுழி ரோட்டில் இருக்கிறது. "எழவு வீட்டுக்குப் பிள்ளையத் தூக்கிட்டுப் போகாதத்தா" என்று தடுத்த என் மாமியார், நான் கிளம்பியதும் பேத்திக்குக் குடை பிடித்துக்கொண்டு தானும் வந்துவிட்டார். ரோட்டோரமாகவே நின்றுகொண்டோம்.

ரேடியோ செட்டில் சோகப் பாட்டுப் போட வந்தவரிடம், ஆட்டோவிலிருந்து எடுத்து வந்த மெமரி கார்டை மீசைதான் கொடுத்திருக்கிறார். குழாய் ஸ்பீக்கரிலிருந்து டொய்ங் என்று புறப்பட்டு, பருத்திக்காடு முழுவதும் அந்த மெட்டு துள்ளியது. மாரடிக்க உட்கார்ந்த பெண்கள் திகைத்துப்போனார்கள். "இதுக்கு எப்பிடித்தா அழுகுறது?" என்று ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டு, ஒப்பாரி இல்லாமலே அழுதார்.

பாடை தூக்கும் நேரம். தூளி ஆல்பத்தில் ஒரு பாட்டு பாதியில் இருந்தது. செட்டுக்காரர் நிறுத்தப் போனார். மீசை கையை உயர்த்தினார்.

"பாட்டு முடியட்டும்யா."

குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அந்த வெயிலில் ஊரே அசையாமல் நின்றது. ஷிப்டை விட்டு வந்த மில் பெண்களும் நின்றார்கள். நீளமான பாட்டு. தூளி மெல்ல ஆடி ஓய்வதுபோல, மெதுவாக, மெதுவாக ஓய்ந்தது.

அந்த அமைதியில் என் இடுப்பிலிருந்த மகள், பாடையைப் பார்த்துக் கையை நீட்டி, தெளிவாகக் கூப்பிட்டாள்.

"டொய்ங்."

மாமியார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "பேசிருச்சுத்தா..." என்றவர், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பத் தொடங்கினார். அதன் பிறகுதான் தூக்கினார்கள்.

மீசையிடம் கேட்டு அந்தப் பாட்டுகளை என் போனில் ஏற்றிக்கொண்டேன். மகளைத் தூங்கவைக்கத் தூளி ஆல்பம்தான். இப்போது நிறையப் பேசுகிறாள். இதைப் போட்டால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள்.

இதில் யாரும் இல்லை என்றீர்களே, அண்ணே. இப்போது இருக்கிறீர்கள்.