தம்பி அனுப்பிய புரொசசரைப் பூட்டியது

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி லவனுக்கு,

அண்ணன் சிவக்கொழுந்து எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் சுகம். உன் புண்ணியத்தில் டொக்டர் மேனுகாவின் பல் கிளினிக்கில் இருக்கும் சேவர் கம்பியூட்டரும் சுகம். சுவிஸ் குளிரில் நீயும் பெண்சாதி பிள்ளைகளும் தடிமன் பிடிக்காமல் இருக்கப் பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் நன்றி சொன்னால் நீ ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் போய்விடுவாய் என்பதால் பேனா பிடித்திருக்கிறேன்.

பென்சன் எடுத்தபின் அந்தக் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் நான் இருப்பது உனக்குத் தெரியும். நீ வேலைசெய்யும் இடத்தில் கழித்துவிட்ட சேவரை, தம்பி அனுப்பியது, நூறு வருடம் ஓடும் என்று டொக்டருக்குச் சொல்லி வைப்பித்தவனும் நானே. ஆறு வருட எக்ஸ்ரே படங்களை வயிற்றில் வைத்துக்கொண்டு அது போன மாதம் நின்றது. மருதானையில் கம்பியூட்டர் திருத்தும் நிஹ்லா என்ற பிள்ளை வந்து பார்த்து, புரொசசர், அதாவது அதன் மூளை, பழுது என்றாள். டொக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல்தான் உனக்குப் போன் எடுத்தேன். நீயும் மறுபேச்சில்லாமல் அதே இனத்தில் ஒன்றைத் தேடி, லீவில் வந்த உன் சிநேகிதன் கிறிஸ்ரியிடம் கொடுத்துவிட்டாய். சூடு படாமல் வைக்கச் சொல் என்று நீ சொன்னதை அவனுடைய தாயார் றஞ்சிதம் அக்கா கவனமாகக் கேட்டு, சொக்கிலேற்றோடு சேர்த்துப் பிரிட்ஜில் வைத்துவிட்டார். நான் கொட்டாஞ்சேனையிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஐஸ் மாதிரிக் குளிர்ந்த பெட்டியையும் ஒரு துண்டு கேக்கையும் தந்தார். ஈரம் பிடித்தால் ஆபத்து, பெட்டியைத் திறக்காமல் ஒரு இரவு வெளியே வையுங்கள் என்று நிஹ்லா சொன்னாள். வைத்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு ஒரு மாணவிக்குக் கடைவாய்ப் பல்லை வெட்டி எடுக்க இருந்தது. நரம்புக்குக் கிட்ட இருக்கும் பல்; படமோ சேவருக்குள். காலையில் நல்ல மழை. நிஹ்லா கிளினிக் படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். டொக்டர் கட்டுப் போட்டுவிட்டுக் காத்திருந்த பதினொரு பேரைப் பார்க்கப் போய்விட்டார். நிஹ்லா என்னைப் பார்த்து, "நான் சொல்றேன், நீங்க செய்ங்க அங்கிள்" என்றாள்.

முதலில் இரண்டு மின்வயரையும் கழற்றச் சொன்னாள். பிறகு என் பொலியெஸ்டர் சேட் ஆகாதாம், பருத்தி வேண்டுமாம். டொக்டரின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டேன். கையில் ஒரு பட்டி கட்டி, அதன் வயரைச் சேவரின் இரும்பில் கவ்வவிட்டாள். என் உடம்பிலுள்ள மின்சாரம் புரொசசரை எரித்துவிடுமாம். அறுபத்துமூன்று வயதில் என்னிடம் மின்சாரம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தரம். புரொசசருக்கு மேலிருந்த சூடு தணிக்கும் கட்டையின் ஆணிகளைச் சிறிது சிறிதாக, எதிரெதிர் மூலையாகத் தளர்த்தி அதை அகற்றினேன். வேர்த்துப்போனேன்.

"பலம் போட வாணாம் அங்கிள். ஆட்டவும் வாணாம். ஓரத்தில பிடிச்சு நேரா மேலுக்குத் தூக்குங்க. கீழ ஒரு பின் ஊசி வளைஞ்சாலும் எல்லாம் முடிஞ்சிரும்."

இதைச் சொன்ன நேரம் பார்த்து, முகத்துவாரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், வீங்கிய கன்னத்தோடு திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தார். வெள்ளைக் கோட்டையும் மேசையில் கிடந்த திருப்புளியையும் பக்கத்தில் கட்டுப்போட்ட பிள்ளையையும் கண்டார். விளக்கம் சொல்லலாம் என்றால் நான் சேவரோடு கட்டப்பட்டிருந்தேன். அவர் குடையையும் எடுக்காமல் மழைக்குள் இறங்கிவிட்டார்.

பழையது வந்தது. புதியதன் மூலையிலிருந்த முக்கோணத்தை அடியிலிருந்த முக்கோணத்தோடு பொருத்தி வைத்தேன். அமத்தவில்லை, அது தானாக இருந்தது. அதன்மேல் சூடு கடத்தும் பசையைப் பயறளவு வைத்து, கட்டையைத் திரும்பப் பூட்டி, மூடியும் போட்டு, கரண்ட் கொடுத்தோம். உள்ளே காற்றாடிகள் இரத்மலானை பிளேன் மாதிரி இரைந்தன. திரை மட்டும் கறுப்பு. புது மூளையை அது பழகிக்கொள்ள நேரம் எடுக்கும் என்றாள் நிஹ்லா. ஏழு நிமிடம், தம்பி. எனக்குத் தெரிந்த கோயில்கள் எல்லாம் தீர்ந்து, தேவாலயங்களுக்கு வந்துவிட்டேன். பிறகு வெளிச்சம் வந்தது.

டொக்டர் வந்து அந்த மாணவியின் படத்தைத் திறந்து பார்த்தார். "ஐயா, பிள்ளையை நாலு மணிக்கு வரச்சொல்லுங்கோ" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஹ்லா வேலைத் துண்டுச்சீட்டை எடுத்து, வேலை செய்தவர் என்ற இடத்தில், இடது கையால் கோணல்மாணலாக என் பெயரை எழுதினாள். முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் எனக்கு யாரும் அப்படி எழுதித் தந்ததில்லை. அந்தப் பிள்ளைக்கும் உனக்கும் என்ன கைம்மாறு செய்வேன்.

நீ குடும்பத்தோடு நீடூழி வாழ்க. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சிவக்கொழுந்து

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போட மறந்து பத்து நாள் கிடந்துவிட்டது. இதற்கிடையில் டொக்டர் படங்களையெல்லாம் இணையத்துக்கு மாற்றிவிட்டார். சேவர் இனித் தேவையில்லையாம். என் உழைப்பை மதித்து எனக்கே பரிசாகத் தந்து, ஓட்டோவும் பிடித்து அனுப்பிவிட்டார். அது இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அண்ணி மூன்று நாளாக நின்றுகொண்டு சாப்பிடுகிறாள், என்னோடு கதைப்பதில்லை. மேலே சொன்ன நன்றியை நான் திருப்பி எடுக்கவில்லை. சேவரை நீ திருப்பி எடுப்பாயா என்று மட்டும் எழுது.