நல்லா நிக்கிற வண்டி

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் குழந்தைகளும் உன் பட்டறையும் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அக்காவும் சௌக்கியம். நான் வாங்கிய வண்டிக்குத்தான் சௌக்கியமில்லை. போனில் சொன்னால் நீ சிரிப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டே கதவுள்ள அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மலிவாக வருகிறது, என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று உன்னைக் கேட்டேன் அல்லவா? நீ ஏதோ ஒரு லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு சொன்னதை எல்லாம் வரிவரியாக எழுதிக்கொண்டேன். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவன் ஒரு காரில் பிழை கண்டுபிடிக்க மாட்டேனா என்ற தைரியம் எனக்கு. விற்றவர் ஒரு பல் மருத்துவர், தங்கமான மனிதர். அவருடைய ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எழுத்துப் பிழை கண்டுபிடித்துச் சொன்னேன், ஆடிப்போய்விட்டார். காந்தம் வைத்துப் பார்க்கச் சொன்னாய், வைத்தேன். கதவில் ஒட்டாமல் கீழே விழுந்தது. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பழைய காந்தம்தானே, சக்தி போய்விட்டது என்று நினைத்தேன். துருப்பிடித்த ஓட்டையை மறைக்கக் கதவு முழுக்கப் பட்டி பூசி மெழுகியிருக்கிறார்கள் என்று யார் கண்டது? புகை என்ன நிறம் என்று பார்க்கச் சொன்னாய், பார்த்தேன், நீலம், குறித்துக்கொண்டேன். என்ன நிறம் வரக் கூடாது என்று நீ சொல்லவே இல்லையே! காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போகச் சொன்னாய், போனேன். பானெட்டைத் தொட்டால் சுட்டது. நாம் வருகிறோம் என்று முன்னாலேயே ஸ்டார்ட் செய்து தயாராக வைத்திருக்கிறாரே, என்ன மரியாதை என்று நெகிழ்ந்துபோனேன்.

எல்லாவற்றுக்கும் மேலே நீ சொன்ன ஒன்றைத்தான் இரண்டு கோடு போட்டு எழுதி வைத்திருந்தேன். "ஓடுறது பெரிசில்ல அத்தான், நல்லா நிக்குதான்னு பாருங்க." மருத்துவர் வீட்டு வாசலில் அது நின்ற அழகை நீ பார்த்திருக்க வேண்டும். அரை மணி நேரம் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தேன், அப்படியே நின்றது, ஒரு குறையும் சொல்ல முடியாது. நீ பிரேக்கைச் சொன்னாய் என்பது நேற்றுத்தான் உறைத்தது. பிரேக் போட்டால் அது நிற்பதில்லை, மற்றபடி சிக்னல், மேடு, பள்ளிக்கூட வாசல் என்று எல்லா இடத்திலும் நிற்கிறது.

உன் அக்கா திட்டவில்லை. "சனிக்கிழமைக்கு அப்புறம் இது நம்ம வாசல்ல இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். சனிக்கிழமைக்குள் ஒரு மெக்கானிக்கிடம் குறை எழுதி வாங்கி வந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாக மருத்துவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே உன் பட்டறைத் தாளில் இந்த வண்டியின் குறைகளை ஒன்று விடாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. அத்தான் மானத்தைக் காப்பாற்று. உன் வீட்டாருக்கு எங்கள் அன்பும் குழந்தைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நான் தபாலில் போடுகிறேனா என்று பார்க்க உன் அக்காவும் கூடவே வந்தாள். பூங்கா முனையில் வண்டி நின்றுவிட்டது. ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொள் என்று அவளை உட்கார வைத்துவிட்டு நான் பின்னால் தள்ளினேன். கைதேர்ந்த டிரைவர் மாதிரி அவள் சரியான நேரத்தில் கிளட்சை விட்டாள், எஞ்சின் பிடித்துக்கொண்டது, என்னை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். பூங்காவை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, கியரைக் குறைத்துக் குறைத்து வேகத்தை அடக்கி, என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். "ஏறுங்க, நானே ஓட்டுறேன்" என்றாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள், இன்றுவரை புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறாள். நீ குறை எதுவும் எழுத வேண்டாம், புது பிரேக் சாமான்களை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து சேர். ஏண்டா, முப்பத்திரண்டு வருஷத்தில் நீயாவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? அவளைக் கேட்டேன். நான் கேட்டதே இல்லையாம்.