இயங்குதளமும் மாமாவின் சூளையும்

தெரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்க ஒரு நிமிட வெட்கம் போதும். நான் அந்த வெட்கத்தை மிச்சம் பிடித்தவள்.

விருத்தாசலத்தில் வக்கீலாகப் பதிவு செய்த புதிது. (கட்சிக்காரர் என்று ஒருவரும் இல்லை. கறுப்பு கோட்டு மட்டும் இருந்தது.) ஆரோக்கியசாமி மாமா பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிறவர். சூளையின் சூட்டைக் கம்ப்யூட்டரில் காட்டும் மென்பொருளுக்காகச் சென்னைக் கம்பெனி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டார். அவருக்காக அவர்கள் தமிழிலேயே எழுதி அனுப்பினார்கள். அதில் ஒரு வரி: எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் இயங்குதளத்தை மாற்றினால் இலவசப் பராமரிப்பு கிடையாது. சொற்களுக்கான விளக்கத்தை மட்டும் எங்கள் பக்கமே எழுதச் சொன்னார்கள்.

இயங்குதளம் என்றால் கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள். இது இப்போது தெரியும். அன்று, தளம் என்றால் தரைதானே என்று யோசித்தேன். சூளை இயங்குகிற தரை. விளக்கம் விரிவாக இருப்பதுதான் பாதுகாப்பு என்று வேறு படித்திருந்தேனா, இப்படி எழுதினேன்: "இயங்குதளம் என்பது சூளையையும், அதை இயக்கும் அனைத்துப் பொருட்களையும், அவை நிற்கும் தரையையும் குறிக்கும்." கம்பெனிக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மாமா மட்டும் ஒரு வரி விடாமல் படித்தார்.

ஒருநாள் காலையில் சூளை பாதி சூட்டில் இருக்கும்போது காற்று ஊதும் ஃபேன் எரிந்துபோனது. சூடு இறங்கினால் உள்ளே இருக்கிற சரக்கு அத்தனையும் விரிசல் விட்டுவிடும். மங்கலம்பேட்டையிலிருந்து மெக்கானிக் காதர் பாய் வேறு ஃபேனோடு வந்து நின்றார். மாமா அவரைத் தொட விடவில்லை. எனக்குப் போன் வந்தது.

"ஸ்டெல்லா, ஃபேனு மாத்தணும். அனுமதி வாங்கிக் குடும்மா."

"ஃபேனுக்கு எதுக்கு மாமா அனுமதி?"

"நீதான எழுதியிருக்க. இயங்குதளத்துல ஃபேனும் சேர்ந்துதான் இருக்குது."

ஓடினேன். காதர் பாய் நிதானமாகக் கேட்டார், "கழட்டவாங்க, இல்ல டீ குடிச்சிட்டு வரவாங்க?"

சென்னைக்குப் போன் போட்டேன். நித்யா என்ற பெண் எடுத்தாள். "எந்த இயங்குதளத்தை மாத்துறீங்க மேடம்?"

"காத்து ஊதுற ஃபேனை."

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறதா?"

"இல்லைங்க. என் உயரம் இருக்கும்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நீண்ட சிரிப்பு. சட்டென்று அதுவும் நின்றது. "மேடம், இயங்குதளம் நின்னா நாங்க வந்து சரி பண்ணணும்னும் ஒப்பந்தத்துல இருக்கே. அப்போ சூளை நின்னா?"

"நீங்கதான் வரணும்."

நான் மூச்சு விடுவதற்குள் மாமாவின் போனுக்கு எழுத்தில் அனுமதி வந்துவிட்டது. ஃபேனோடு, தரையை மாற்றிக்கொள்ளவும் சேர்த்து. காதர் பாய் வேலையை முடித்தார். சூடு மெல்ல ஏறியது. மறுநாள் சூளையைத் திறந்தபோது கட்டைகள் வெள்ளைவெளேரென்று முழுசாக இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. அப்போதுதான் எனக்குப் பசித்தது.

ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினோம். மாமா என்னைத் திட்டவில்லை. அதைவிட மோசம், மாதா கோயிலில் மணமக்கள் விவரத்தைப் பதிய என் கல்யாண ஓலை எழுதும்போது பங்குச் சாமியாரிடம் சொன்னார்: "சாமி, மணமகன்னா யாருன்னு நீங்களே எழுதிடுங்க. இவகிட்ட விட்டா மாப்பிள வூட்டு ஆளுங்க அத்தனை பேரையும் சேர்த்துடுவா."

மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றார். விவரம் கேட்டார். மாமா முழுசாகச் சொன்னார். இன்றைக்கும் வீட்டில் மிக்ஸி நின்றால் மாமியார் கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறார், "ஏம்மா, அனுமதி வந்துடுச்சா?"