சவ வண்டியில் வந்த கோசோங் அண்ணன்

பினாங்குத் தீவிலும் சரி, கடலுக்கு அந்தப்பக்கம் அக்கரையிலும் சரி, சாகாதவன் வீட்டில் ஒப்பாரி எழுப்பிய ஒரே மனிதர் கோசோங் அண்ணன்தான். அதுவும் ஒரு வீட்டில் இல்லை. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து சுங்கை பாக்காப் வரைக்கும் போகிற வழியெல்லாம் எழுப்பினார். கூடப் போனவன் நான். வண்டி ஓட்டியவனும் நான்.

சவ வண்டி.

தொண்ணூறுகளில் ஜார்ஜ் டவுனில் ஒரு மரண உதவிச் சங்கம் இருந்தது. சூலியா தெருவுக்குப் பின்னால், மேல்மாடியில் ஆபீஸ். அங்கத்தினர் இறந்தால் பெட்டி, பந்தல், காரியம் செய்கிற பண்டாரம், வண்டி எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். யாரும் சாகாத நாளில் எனக்கு வேலை இல்லை. ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். படி ஏறி வருகிறவர்கள் என்னைக் கண்டதும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மாட்டார்கள். பழகிவிட்டது.

சங்கத்தின் பழைய கம்ப்யூட்டர் தள்ளாட ஆரம்பித்தது. அங்கத்தினர் விவரம் முழுக்க அதில்தான். கட்டம் கட்டமாக இருக்கும். பெயருக்கு ஒரு கட்டம், பிறந்த தேதிக்கு ஒரு கட்டம், செத்த தேதிக்கு ஒரு கட்டம். கோலாலம்பூர் கம்பெனி ஒன்று புது சிஸ்டம் கொடுத்தது. பழையதில் இருக்கிற எல்லாரையும் புதியதில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்கென்று செயலாளர் கூட்டி வந்த ஆள்தான் கோசோங் அண்ணன். ஒரு கப்பல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வழி வந்தவர். கம்ப்யூட்டரைத் தானாகப் படித்துக்கொண்டவர்.

கோசோங் என்றால் மலாயில் காலி. பாலும் சீனியும் போடாத தே ஓ கோசோங் குடிப்பார், உள்ளே ஒன்றும் வைக்காத ரொட்டி கோசோங் தின்பார், அதனால்தான் அந்தப் பெயர் என்று கடைக்காரன் சொல்வான். அது இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் வந்த பெயர்.

முழுக்கைச் சட்டை, டை, காலில் ஜப்பான் சிலிப்பர். கம்ப்யூட்டர் அறைக்குள் போகும்போது அதையும் கழற்றி, கால் கழுவிவிட்டுப் போவார். அந்த அறையில் ஏர்கோன் ஒழுகும். நேராகக் கம்ப்யூட்டர் தலையில். செயலாளரிடம் சொன்னார். செயலாளர் அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். மறுநாள் கோசோங் அண்ணன் குடை கொண்டு வந்து உள்ளே விரித்தார். குடை கம்ப்யூட்டருக்கு. நனைந்தது அவர்.

முதல் தடவை மாற்றிப் பார்த்தபோது பெண்சாதிகள் இடம் மாறிப் போனார்கள். ஆள் ஒரு பக்கம், அவன் குடும்பம் இன்னொரு பக்கம், ரெண்டையும் சேர்ப்பது அங்கத்தினர் நம்பர். தீவு ஆளின் நம்பருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும், அக்கரை ஆளுக்கு வேறு எழுத்து. புது சிஸ்டம் எழுத்தை விழுங்கிவிட்டு நம்பரை மட்டும் வைத்துக்கொண்டது. அதனால் ஒரே நம்பரில் இருந்த தீவு ஆளும் அக்கரை ஆளும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் பங்கு போட்டுக்கொண்டார்கள். செயலாளர் பெயரைத் தட்டினால் ரெண்டு மனைவி. ஒருத்தி தாசேக் கெலுகோர், வயது இருபத்தாறு.

செயலாளர் ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். "இதச் சரி பண்ண எவ்வளவு நாளாகும்ணே?"

"பின்னேரத்துக்குள்ள முடிச்சிடுவன்."

"அவசரமில்லலா," என்றார் செயலாளர்.

ரெண்டாம் தடவை இன்னும் மோசம். உயிரோடு இருக்கிறவனுக்குச் செத்த தேதிக் கட்டம் காலியாகத்தானே இருக்கும். புது சிஸ்டத்துக்குக் காலி பிடிக்காது. கோலாலம்பூர் ஆட்கள் எல்லாக் காலிக் கட்டத்திலும் ஏதோ ஒரு தேதி விழும்படி வைத்துவிட்டார்கள். அத்தனை அங்கத்தினரும் ஒரே நாளில் செத்தார்கள். பிரிண்டர் தானாக அனுதாபக் கடிதம் அடிக்க ஆரம்பித்தது. காகிதம் தீரும்வரை அடித்தது. செயலாளர் குடும்பத்துக்கும் ஒன்று வந்தது. கீழே செயலாளர் பெயரிலேயே கையெழுத்து. தன் மறைவைக் கேட்டுத் தான் ஆழ்ந்த துயரம் அடைந்ததாக அதில் இருந்தது.

"நீயும் செத்துட்டலா," என்று எனக்கு ஒன்றை நீட்டினார். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள்.

அன்று கோசோங் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "காலியில ரெண்டு விதம் இருக்கு, தம்பி. ஒண்டு, இல்லை. மற்றது, தெரியாது. ரெண்டையும் ஒண்டாக் கட்டினா மனிசர் துலைஞ்சு போவினம்."

நான் தலையாட்டினேன். அதற்குமேல் கேட்டால் விளக்குவார்.

தேதியைச் சரி செய்தார். பெண்சாதிகளை வீட்டுக்கு அனுப்பினார். ஒரே ஒரு கட்டம் பாக்கி. கொள்ளி வைப்பவர் யார் என்கிற கட்டம். ஆள் செத்தால் முதலில் யாருக்குச் சொல்வது, யாருக்காக வண்டி காத்திருப்பது, எல்லாம் அதைப் பார்த்துத்தான். பழைய சிஸ்டத்தில் பல பேருக்கு அது காலி. புதியது காலியை உள்ளே விடாது. மாதக் கடைசியில் கோலாலம்பூர் ஆட்கள் பழைய மெஷினை எடுத்துப் போய்விடுவார்கள். அதற்குள் போகாத ஆள், போகாத ஆள்தான். சந்தா கட்டிக்கொண்டிருப்பான். செத்தால் சங்கத்துக்கு அவனைத் தெரியாது.

"எல்லாக் காலியிலயும் 'சங்கம்'னு போட்டு முடிங்கலா," என்றார் செயலாளர். "யாரு வந்து கேக்கப் போறா, செத்தவனா?"

"செத்த பிறகு அவரைக் கேக்கேலாது. அதுதான் இப்ப கேக்கோணும்."

கடிதம் போட்டார். பாதி திரும்பி வந்தது. மீதிக்குப் பதில் இல்லை. நேரில் போகிறேன் என்றார்.

"போங்க. ஆனா சங்கத்துல வண்டி ஒண்ணுதான்," என்றார் செயலாளர். பயந்து விட்டுவிடுவார் என்று நினைத்திருப்பார்.

"வண்டி எண்டா வண்டிதானே," என்று சொல்லி, டையைச் சரி செய்துகொண்டு, என் பக்கத்து சீட்டில் ஏறினார் கோசோங் அண்ணன். பின்னால் பிணம் இல்லாமல் அந்த சீட்டில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான்.

அக்கரைக்குப் போகும் ஃபெரியில் எங்களை ஒட்டி யாரும் கார் நிறுத்தவில்லை. "இந்த வண்டியில போனா எங்கையும் இடம் தாராளமாக் கிடைக்குது," என்றார்.

புக்கிட் மெர்தாஜாமில் ரயில் ஸ்டேஷன் பக்கம் முதல் வீடு. ஓர் அக்கா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்தார். வாளியைக் கீழே போட்டார். மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து நாலு பேர் ஓடி வந்து, விவரம் கேட்காமல் சேர்ந்துகொண்டார்கள். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து துண்டோடு வந்தார்.

"யாருலா செத்தது?"

அக்கா அவரைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினார். "நீங்கதான்னு நெனச்சேன்."

கோசோங் அண்ணன் கையில் ஃபைலோடு இறங்கினார். "வணக்கம். இன்னும் ஒருத்தரும் சாகேல்லை. உங்களுக்கு ஆர் கொள்ளி வைக்கிறது எண்டு கேட்டுட்டுப் போக வந்தனாங்கள்."

"இதக் கேக்கவா இந்த வண்டியில வந்தீங்க?"

"வேற வண்டி இல்லை."

"மூத்தவன் பேரு எழுதிக்குங்க," என்றார் அக்கா.

"அவனா? எனக்குப் பசியாற ஒரு ரொட்டி வாங்கித் தரமாட்டான், கொள்ளி வைக்க வருவானா? சின்னவன எழுதுங்க."

"பெரியவன் இருக்க சின்னவனா? ஊரு சிரிக்கும்லா."

"எனக்குக் கேக்கவா போகுது?"

கோசோங் அண்ணன் பேனாவைத் திறந்தபடி நின்றார். எங்களுக்கு மைலோ கொடுத்தார்கள். சண்டை முடியவில்லை. கடைசியில் ரெண்டு பேரையும் எழுதச் சொன்னார்கள். ஒரு கட்டத்துக்கு ஒருத்தர்தான் என்றார் அண்ணன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. சின்னவன் ஜெயித்தான்.

நாங்கள் போகுமுன் செய்தி போய்விடும். தாசேக் கெலுகோரில் ஒரு வரிசை வீடு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கோசோங் அண்ணன் சாத்தின கதவுக்கு வெளியே நின்று கேட்டார். "எனக்கு நல்லாத்தான்லா இருக்கு, நீங்க போங்க," என்று உள்ளேயிருந்து குரல். விடவில்லை. ஜன்னல் வழியாகப் பெயர் வாங்கினார். ஆபீசில் டெலிபோன் ஓயவில்லை. சங்கம் இப்போது முன்கூட்டியே எடுக்க வந்துவிட்டதா என்று கேட்டார்களாம்.

சுங்கை பாக்காப் பக்கம் ஒரு எஸ்டேட். தொழிலாளர் லயத்தில் முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடந்தது. கடைசி வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். எங்களைப் பார்த்து அவர் அழவில்லை, கதவையும் சாத்தவில்லை. உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து வண்டியின் பின்பக்கம் நின்றார்.

"ஏறட்டுமா?" என்றார்.

கோசோங் அண்ணன் ஃபைலைத் திறந்தார். கேள்வியைக் கேட்டார்.

"யாரு இருக்கா," என்றார் பெரியவர்.

"இல்லையோ, தெரியாதோ?"

"இல்ல."

பேனா கட்டத்தின் மேலேயே நின்றது.

"என்ட பேர் எழுதட்டோ?" என்றார் கோசோங் அண்ணன்.

"நீங்க யாரு?"

"கம்ப்யூட்டர் ஆள்."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். டையைப் பார்த்தார். சிலிப்பரைப் பார்த்தார். "சரி. வெளியூரு எங்கயும் போயிடாதீங்க," என்றார்.

அதற்குப் பிறகு அந்த மாதிரி வீட்டில் 'இல்லை' என்று பதில் வந்தால், கோசோங் அண்ணன் கேட்டுவிட்டுத் தன் பெயரை எழுதிவிடுவார். செயலாளர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, சுடுகாட்டக் குத்தகைக்கு எடுத்துட்டீங்களா?" என்றார்.

சாயங்காலம் கோசோங் அண்ணனை டத்தோ கெராமாட் ரோட்டில் இறக்கிவிட வேண்டும். மேல்மாடியில் ஓர் அறை. தம்பி தங்கச்சி எல்லாரும் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். இறங்க மாட்டார். "பாடாங் கோத்தா பக்கம் ஒருக்கா போவமோ?" என்பார். கடலைப் பார்த்து வண்டியை நிறுத்துவேன். எங்களைச் சுற்றி ஈ, காக்கை வராது. கச்சான் கடலை தின்போம். எனக்கு ஒரு மகன், சிங்கப்பூரில். அதை ஒருமுறை சொன்னேன். வேறு ஒன்றும் சொன்னதாக ஞாபகம் இல்லை. இருட்டினதும் கிளம்புவோம்.

மாதக் கடைசி வந்தது. கோலாலம்பூர் ஆட்கள் பழைய மெஷினைத் தூக்கக் கயிறோடு வந்து நின்றார்கள். கோசோங் அண்ணன் பாக்கி அங்கத்தினரைப் புது சிஸ்டத்துக்குள் அனுப்ப ஆரம்பித்தார். நான் கதவோரம் நின்றேன். எல்லாரும் போனார்கள். ஒரே ஒரு ஆள் போகவில்லை. புது சிஸ்டம் திருப்பித் தள்ளியது. மறுபடி தட்டினார். மறுபடி தள்ளியது.

"யாருலா அது?" என்றார் செயலாளர்.

கோசோங் அண்ணன் நம்பரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான்," என்றார்.

அவரும் அங்கத்தினர்தான். ஊர் முழுக்கக் கேட்டவருக்குத் தன் கட்டம் காலி. செயலாளர் சிரித்துவிட்டார். "'சங்கம்'னு போடுங்கண்ணே. ஆளுங்க நிக்கிறாங்க."

"கேக்காமப் போடேலாது."

"உங்களத்தானே கேக்கணும். நீங்களே கேட்டுக்குங்கலா."

அவர் கேட்டுக்கொள்ளவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். கயிறு வைத்திருந்தவன் மணியைப் பார்த்தான். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"அண்ணே, உங்களுக்கு யாரு கொள்ளி வைக்கிறது?"

திரையைப் பார்த்தபடியே சொன்னார். "இல்லை, தம்பி." அதையே தட்டப் போனார்.

"நில்லுங்க. என் பேர எழுதுங்க."

திரும்பிப் பார்த்தார். அந்த மனிதருக்கு அப்போதும் ஒரு சிக்கல் தெரிந்தது. "அது சரிவராது. நீர் வண்டி ஓட்டவேணும். கொள்ளி வைக்கிறவர் கொள்ளிச் சட்டியோட முன்னால நடக்கவேணும். ரெண்டையும் ஒரு ஆள் செய்யேலாது."

"அன்னைக்கு லீவு போடுறேன்."

செயலாளர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கோசோங் அண்ணன் என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். உள்ளே போனது. கயிற்றுக்காரர்கள் பழைய மெஷினைத் தூக்கினார்கள்.

அடுத்த சில வருடம் கோசோங் அண்ணன் தலையில் முடி வளரவே இல்லை. சுங்கை பாக்காப் பெரியவர் முதலில் போனார். பிறகு ஒவ்வொருவராக. ஒவ்வொருவருக்கும் மொட்டை போட்டுக்கொண்டு, ஈர வேட்டியோடு, கம்ப்யூட்டரில் எழுதினபடி செய்தார். சட்டியோடு நடக்கிற நேரம் தவிர, போகும்போதும் வரும்போதும் என் பக்கத்து சீட்டில்தான்.

ஒரு நாள் காலையில் செயலாளர் எனக்குப் போன் செய்தார். கோசோங் அண்ணன் அறையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். ஆஸ்திரேலியாவிலிருந்து யாரும் வர முடியாதாம். "வண்டிய எடுலா," என்றார்.

"எனக்கு லீவு," என்றேன்.

அவர் வேறு டிரைவரைப் பார்ப்பதாகச் சொன்னார்.

வந்தவன் புதியவன். பின்னால் எஞ்சினை முடுக்கிக்கொண்டே வந்தான். நல்ல வெயில். காலில் ஒன்றும் இல்லை, தார் சுட்டது. நான் சட்டியோடு முன்னால் மெதுவாகத்தான் நடந்தேன்.