நாடி மேஸ்திரி பிடித்த கை

உயிருள்ள மனிதரைக் கடிகாரமாக வைத்திருந்தவர் திருத்தணிப் பக்கம் ஒருவர்தான். எழுபதுகளில் எங்கள் விசைத்தறிப் பட்டறையில் இருந்த நாடி மேஸ்திரி.

தறியின் வேகத்தை அளப்பது அவர் வேலை. சுவர்க் கடிகாரம் முதலாளி அறையில். எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குள் எண்ணிக்கை தவறிவிடும். கைக்கடிகாரம் பஞ்சுத் தூசியில் நின்றுவிடும். அதனால் ஒரு கையைத் தறிமேல் வைப்பார். மறு கையால் பக்கத்திலிருப்பவன் நாடியைப் பிடிப்பார். கண்ணை மூடி இரண்டையும் எண்ணுவார்.

"உன் நாடியையே புடிச்சிக்கோயேன், நைனா" என்றேன்.

"அதுக்கே ரெண்டு கையும் போயிடும். தறிய எவன் தொட்டுப் பாப்பான்?"

பட்டறைச் சத்தத்தில் அவர் வருவது தெரியாது. திடீரென்று மணிக்கட்டில் ஐஸ் மாதிரி விரல்கள். சித்திரை வெயிலிலும் அப்படித்தான்.

எல்லோர் கையையும் சோதித்தார். ஒருவனுக்கு டீ குடித்தால் நாடி வேகமாக ஓடியது. ஒருவனுக்கு முதலாளி தலை தெரிந்தால் ஓடியது. கிழவர் ஏழுமலைக்கு மட்டும் நிதானம். அவரையே வைத்துக்கொண்டார். ஒரு நாள் பிடித்த கையைப் பட்டென்று விட்டார். அந்த மாதமே ஏழுமலை செத்தார்.

அடுத்து என் கை. என்றைக்குப் பட்டென்று விடுவாரோ என்றிருந்தது.

என் அக்காவும் அங்கேதான் நெய்தாள். அவள் தறியில் துணி குறைந்தது.

"சோம்பேறி. இன்னியோட நின்னுடு" என்றார் முதலாளி.

கோளாறு தறியில்தான் என்றார் மேஸ்திரி.

"அப்படின்னா அளந்து காட்டு."

மேஸ்திரி என் கையைப் பிடித்தார். பட்டென்று விட்டார்.

"வூட்டுக்குச் சொல்லி அனுப்பட்டுமாடா?" என்றான் பக்கத்துத் தறிக்காரன்.

மேஸ்திரி போய் முதலாளியின் கையைப் பிடித்தார். பக்கத்துத் தறியை எண்ணினார். அக்கா தறியை எண்ணினார். அவள் தறி மெதுவாகத்தான் ஓடியது. பெல்ட் தளர்ந்திருந்தது. சொந்த நாடி சொன்னதை முதலாளி எப்படி மறுப்பார்?

ஆனால் மேஸ்திரி கையை விடவில்லை. முதலாளிக்கு ஏழுமலை ஞாபகம் வந்துவிட்டது. முகம் வெளுத்தது.

"ஆங், அவ இருக்கட்டும்யா. நீ கைய மெதுவா விடு."

சாயங்காலம் கேட்டேன். "என் கைய ஏன் விட்ட, நைனா?"

"அக்கா வேல போவுதேன்னு உன் நாடி ஓடிக்கினு இருந்திச்சி. அதுல அளந்தா நல்ல தறியும் மெதுவாத்தான் தெரியும்."

"அப்போ ஏழுமலை கைய விட்டது இன்னாத்துக்கு?"

அவர் பீடி பற்றவைத்தார்.

அதன் பிறகு அவர் கேட்காமலே கையை நீட்டினேன். தறி நின்றிருந்த நாளிலும் நீட்டினேன். அவர் எண்ணாமல் சும்மா பிடித்துக்கொண்டிருப்பார்.